சனிக்கிழமை வருவாரு

சிதம்பரம்
18 ஜூன் 2006

ஜோதி,

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு தூக்கம் போடும் தூரம்தான். அதற்குப் போய் ஒரு கடிதமா என்று சிரிப்பாய். போன் செய்திருக்கலாம். போன வாரம் செய்தேன். அத்தை எடுத்தார்கள். "யாரு, ஜான்சியா? நல்லாருக்கியாம்மா? சரி வெச்சிடு. லைனு பிஸியா இருந்தா அவன் கூப்புடுறப்ப கெடைக்காது" என்றார்கள். வைத்துவிட்டேன். அதன் பிறகு அந்த எண்ணை அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் தபால்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு. தமிழைவிடப் பிரெஞ்சில் மார்க் ஜாஸ்தி வரும் என்று யாரோ கிளப்பிவிட, வகுப்பில் பாதிப் பேர் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய டீச்சர் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாராம். பள்ளித் தாளாளர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்க, ஏதாவது பேசிக் காட்டுங்க." நான் "Bonjour, monsieur" என்றேன். "ஆங், போதும் போதும்" என்றார்.

போதாது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். பாண்டிச்சேரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நம் இருவரில் பிரெஞ்சு வந்தது உனக்கு. எனக்கு வந்தது உன் அண்ணன்.

அடுத்த மாதம் imparfait நடத்த வேண்டும். இறந்தகாலத்தில் அது ஒரு வகை என்பது வரைக்கும் நினைவிருக்கிறது. வினையை எப்படி உடைப்பது, எங்கே ஒட்டுவது, மற்ற இறந்தகாலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், எல்லாம் போய்விட்டது. புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் பிரெஞ்சிலேயே விளக்குகிறது. நீ எனக்குத் தமிழில் எழுதி அனுப்பு.

போன நவம்பரில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்ததிலிருந்து அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். நாங்கள் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டோம். அதைப் பற்றி அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. "அவன் வந்தா எங்க போவான்?" என்று கேட்பார்கள்.

ஜான்சி


கடலூர் முதுநகர்
24 ஜூன் 2006

டீச்சரம்மாவுக்கு வணக்கம்.

Bonjour ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வேலையையே பிடித்துவிட்டாய். அந்தத் தாளாளரைப் பார்த்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவை.

பாடம் இதுதான். நிகழ்காலத்தில் 'நாங்கள்' என்பதற்கு வரும் வடிவத்தை எடு. nous venons, நாங்கள் வருகிறோம். கடைசியில் இருக்கும் ons-ஐ வெட்டு. ven நிற்கும். அதோடு ais, ais, ait, ions, iez, aient என்று வரிசையாக ஒட்டிக்கொண்டு போ. je venais, tu venais, il venait. எல்லா வினைக்கும் இதே வழி. être, அதாவது 'இரு', ஒன்றுதான் அடங்காது. அதற்கு ét என்று வைத்துக்கொள்: j'étais, il était. ais, ait, aient எல்லாமே காதுக்கு ஒன்றுதான். எழுதும்போதுதான் வேறு வேறு. பிள்ளைகள் அங்கேதான் மார்க்கை விடும்.

இனி, எப்போது பயன்படுத்துவது? ஒரு தடவை நடந்து முடிந்ததற்கு இது வராது. 'நேற்று வந்தார்' என்றால் il est venu. அது வேறு பெட்டி. வழக்கமாக நடந்துகொண்டிருந்தது, எப்போது தொடங்கியது எப்போது முடிந்தது என்று சொல்லாமல் விடுவது, அதற்குத்தான் imparfait.

நம் பிள்ளைகள் எங்கே விழும் என்று சொல்கிறேன், கேள். தமிழில் பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வினையைப் போடுகிறோம். 'சின்ன வயசுல தெனமும் கடற்கரைக்குப் போவேன், அப்பா சுண்டல் வாங்கித் தருவார்.' போவேன், தருவார். பார்க்க எதிர்காலம். பொருள் இறந்தகாலம். இதை அப்படியே பிரெஞ்சில் எதிர்காலத்தில் போட்டால் செத்துப்போன அப்பா நாளைக்குச் சுண்டல் வாங்கித் தருவார் என்று ஆகிவிடும். அந்த இடத்தில் imparfait போட வேண்டும். கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போடு. நான் எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் எழுதுகிறேன், ஒவ்வொரு வருடமும் தப்பாகவே வருகிறது.

இன்று சனிக்கிழமை. அம்மா அடுப்படியில் இருக்கிறார். கிழங்கான் மீன் வாங்கி வந்து சுத்தம் செய்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு அமிர்தம் அக்கா, "யாராச்சும் விருந்தாளியா?" என்று கேட்டாள். அம்மா மறுபடியும் அந்தக் கதையைச் சொன்னார். தண்ணீர் வடிந்ததும் அண்ணனைத் தேடிக் குமராட்சிக்கு நாம் மூன்று பேரும் போனது, டீக்கடை கொளஞ்சியம்மாளிடம் அண்ணன் போட்டோவைக் காட்டியது, அவள் பார்த்ததும் "மாட்டாஸ்பத்திரி சாரா? சனிக்கெழமை வருவாரு. டீ குடிச்சிட்டுத்தான் மினி பஸ் ஏறுவாரு" என்று சொன்னது. அமிர்தம் அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

அண்ணன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாகிவிட்டது. நீலக் கட்டம் போட்டதில் ஒரு பொத்தான் இல்லை என்று உன்னைத் திட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னைத் திட்டினால் அன்றைக்கு அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஜோதி


சிதம்பரம்
27 ஆகஸ்ட் 2006

ஜோதி,

பாடம் நடத்திவிட்டேன். நீ எழுதி அனுப்பியதை ஒரு எழுத்து மாற்றாமல் நடத்தினேன். ஒரு பையன், "மிஸ், அப்போ தமிழ்லதான் தப்பா?" என்று கேட்டான். தப்பில்லை, கேட்பவருக்குப் புரியும் என்று சொன்னேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் மாதத் தேர்வு வைத்தேன். மொழிபெயர்க்க ஒரு வாக்கியம் கொடுத்தேன்: 'நான் சிறுவனாக இருந்தபோது என் மாமா சனிக்கிழமைகளில் பண்ருட்டியிலிருந்து வருவார்.' கேள்வித்தாளை எழுதியவள் நான். சனிக்கிழமை என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, கை எழுதிவிட்டது. பாதிப் பேர் il viendra என்று போட்டிருந்தார்கள். இனிமேல் வருவார். சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே il venait, அப்போதெல்லாம் வருவார், என்று எழுதிக்கொண்டே வந்தேன். நாலைந்து தாளுக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. பேனாவை மூடிவைத்தேன்.

நீ புரிந்துகொண்டிருப்பாய். எனக்கு முன்னாலேயே உனக்குப் புரிந்திருக்கும். நம் வகுப்பில் முதலில் வந்தவள் நீ.

சுதந்திர தின விடுமுறையில் குமராட்சிக்குப் போய் வந்தேன். தனியாகத்தான். மினி பஸ்ஸில் வழி நெடுக நடவு முடிந்த வயல். அங்கே அத்தனை தண்ணீர் நின்றது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கொளஞ்சியம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நீங்கள் அன்றைக்குச் சொன்னது என்ன, எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.

"என்னாத்த சொன்னேன்? சாரு எப்பவும் சனிக்கெழமையில வருவாரே, அதச் சொன்னேன்."

"தண்ணி வந்ததுக்கு அப்புறம் பாத்தீங்களா?"

"தண்ணிக்குப் பொறவு அவுர யாரும்மா பாத்தா? சாரு ஏறிப்போன படகு கவுந்ததுல மூணு பேரத் தூக்கிட்டு வந்தாங்க, இந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போனாங்க. சாரு அதுல இல்ல. அம்மாந்தான் எனக்குத் தெரியும்."

அத்தை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "அய்யய்யோ. நான் அப்புடிச் சொல்லலியே தாயி. அந்தம்மா கிட்ட சொல்லிடுங்க, நான் அப்புடிச் சொல்லல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டீக்குக் காசு வாங்கவில்லை.

ஜோதி, அவள் சொன்னது venait. அத்தை கேட்டது viendra. நீயும் நானும் அங்கேதான் நின்றோம். அன்றைக்கு நம் இருவருக்கும் அது காதில் சரியாகத்தான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

நீதான் அத்தையிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் மருமகள் சொன்னதாக ஆகும். நவம்பரில் வருடம் திரும்புகிறது. அவர் ஞானஸ்நானம் வாங்கிய உங்கள் பங்குக் கோயிலில், அத்தை கேட்டு, இறந்தவர்களுக்கு வைக்கும் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒன்றை அவர் பெயருக்கு வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஜான்சி


கடலூர் முதுநகர்
1 செப்டம்பர் 2006

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

அந்த இலக்கணத்தை உங்களுக்கு எழுதி அனுப்பியவள் நான்தான். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்காக அனுப்பினேன். என் அண்ணனுக்குப் போட்டுப் பார்க்க அனுப்பவில்லை.

கொளஞ்சியம்மாள் சொன்னது என்ன என்பது எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? அன்றைக்குத் திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "பசிக்குதுடி" என்றார். சிதம்பரத்தில் இறங்கியதும் நாலு இட்லி சாப்பிட்டார். நீங்களும் பார்த்தீர்கள். பொட்டலம் வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தான். அந்த நேரத்தில் நான் அவருக்கு என்ன பாடம் நடத்தியிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்போதும் நடத்த மாட்டேன். சொல்லிவிடலாம். சொன்ன பிறகு அடுத்த சனிக்கிழமை அவர் என்ன செய்வார்? அதை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. இந்த வீட்டில் நான்தான் பார்க்க வேண்டும்.

உடல் கிடைக்கவில்லை. கிடைக்காதவரை யாரும் எதுவும் சொல்ல முடியாது. பாம்பன் பக்கம் கரை ஒதுங்கி, நினைவு தப்பி எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள்.

பண்ருட்டியிலிருந்து முந்திரி வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம் உங்கள் அப்பா வீட்டுக்கு வந்து போனது எங்கள் காதுக்கும் வந்தது. அதனால்தான் பூசைக்கு இவ்வளவு அவசரமா என்று கேட்க மாட்டேன். உங்களுக்குச் சின்ன வயது. ஆனால் உங்களுக்கு வழி திறக்க வேண்டும் என்பதற்காக என் அம்மா கையால் அவர் பிள்ளைக்கு முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லாதீர்கள்.

ஜோதி மேரி


சிதம்பரம்
26 நவம்பர் 2006

ஜோதி,

நீ என்னை அண்ணி என்று அழைத்தது இதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்று எல்லோரும் வற்புறுத்தினபோதுகூட, "இவளையா? போங்கடி" என்று ஓடிவிட்டாய்.

பண்ருட்டிக்காரர்கள் வந்தது உண்மை. அப்பா அழைத்தது. நான் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. காபி கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. அவர்கள் நல்லவர்கள் போலிருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள்.

எனக்கு ஏன் அவசரம் என்று கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். நீ கேட்டதாகவே வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆசிரியர் அறையில் புதிதாக ஒரு மேடம் வந்திருக்கிறார். "உங்க சார் எங்க வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பார்க்கிறார் என்று சொல்ல முடியவில்லை. பார்த்தார் என்றால் அடுத்த கேள்வி வரும். "குமராட்சியில" என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மணி அடிக்கவே இல்லை. காலி வகுப்பில் போய் நின்றேன். என் கணவர் என்று தொடங்கினால் என்னிடம் அதற்கு ஒரு வினைச்சொல் இல்லை ஜோதி. ஒரு வருடமாக எந்த வாக்கியத்தையும் நான் முடிக்கவில்லை.

நீ மாட்டேன் என்றதால் நானே இங்கே கோயிலுக்குப் போனேன். பூசைக்கு எழுதிக்கொள்ளும் உபதேசியார் பெயரைக் கேட்டார். சகாய ஆனந்த் என்றேன். எழுதினார். "நலனுக்கா, ஆன்ம இளைப்பாற்றிக்கா?" என்று கேட்டார். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று. எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். உபதேசியார் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். "வீட்டுல கேட்டுட்டு வர்றேங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உனக்கு இவ்வளவு துணிச்சலாக எழுதியவள் அங்கே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இப்படி ஆகும் என்றுதான் முதலிலேயே உங்கள் வீட்டில் கேட்டேன் போலிருக்கிறது. பெற்றவர்கள் சொன்னால் அதன் பின்னால் நானும் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். கிறிஸ்மஸுக்கு அத்தைக்குக் கார்டு மட்டும் போடுவேன். அதைக் கொடுத்துவிடு.

ஜான்சி


கடலூர் முதுநகர்
11 மார்ச் 2012

ஜான்சி,

உன் கார்டுகள் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வந்தன. கொடுத்துவிட்டேன். அம்மா அவற்றை மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைக்கிறார். பதில் போடாதது நான்தான். உன் மொபைல் எண்ணும் என்னிடம் இருக்கிறது. போனில் இதைச் சொல்ல முடியாது, அழுதுவிடுவேன்.

டிசம்பர் கடைசியில் அடித்த புயல் எங்களை என்ன செய்தது என்று பேப்பரில் பார்த்திருப்பாய். பின்கட்டின் ஷீட் முழுவதும் பறந்துவிட்டது. தெருவில் ஒரு கம்பம் நிற்கவில்லை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போனும் செத்துவிட்டது. அம்மா முதல் இரண்டு நாள் ரிசீவரை எடுத்து எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

பிறகு வாசலுக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். தெரு முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அமிர்தம் அக்காவின் மகன் துபாயிலிருந்து லீவு போட்டு வந்தான். எதிர்வீட்டு மருமகன் திருப்பூரிலிருந்து ஒரு வேன் நிறையத் தண்ணீர் கேனும் மெழுகுவர்த்தியும் ஏற்றிக்கொண்டு வந்தான். பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள்கூட ஒரே கூரையில் ஏறி நின்று ஷீட் போட்டார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் கூரையை நானும் ஒரு கூலி ஆளும் போட்டோம்.

போன மாதம் டெலிபோன்காரர்கள் லைனைச் சரிசெய்துவிட்டு, சோதித்துப் பார்க்க மணி அடித்தார்கள். அம்மா எழுந்து ஓடவில்லை. மெதுவாகப் போய் எடுத்தார். "லைன் வந்துடுச்சுங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். "வந்துடுச்சுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எம் புள்ள உசுரோட இருந்தா இந்தப் புயலுக்கு ஓடியாந்திருப்பான்டி" என்றார்.

அவ்வளவுதான். அழவில்லை. நான்தான் அழுதேன். "கூரையப் பிச்சிக்கிட்டுப் போயிருக்கு, வராம இருப்பானா அவன்?" என்று என்னையே கேட்டார்.

ஆறு வருடத்துக்கு முன்பு உனக்கு எழுதிய பாடத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். பிளஸ் ஒன்னுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். imparfait-க்கு இன்னொரு வேலையும் உண்டு. si என்ற சொல்லுக்குப் பின்னால் வரும், இல்லாததைச் சொல்ல. s'il vivait. அவன் உயிரோடு இருந்தால். அவன் இல்லை என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நீயும் நானும் 'வருவாரு'வுக்காக முறைத்துக்கொண்டு இத்தனை வருடம் போனது. அம்மா 'இருந்தா' என்று சொல்லி முடித்துவிட்டார்.

பண்ருட்டியைப் பற்றி நான் எழுதியதை எழுதியிருக்கக் கூடாது.

பாஸ்காத் திருநாள் முடிந்து வரும் சனிக்கிழமை, ஏப்ரல் 14, சாயங்காலம் பூசை. அம்மாவே போய்ப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் கூடப் போகவில்லை. வந்ததும், "ஜான்சிக்கு எழுது. அவதான் முன்னால நிக்கணும்" என்றார். நீ கேட்டது இதுதான். தாமதமாகிவிட்டது. வா.

ஜோதி


சிதம்பரம்
18 மார்ச் 2012

ஜோதி,

உன் கடிதத்தைப் பள்ளியில் வைத்துத்தான் பிரித்தேன். உன் கையெழுத்து மாறவே இல்லை.

பண்ருட்டியை விடு. அன்றைக்கு என்னைப் பார்க்க வந்தவருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். போன வருடம் எங்கள் பள்ளியில் பெரியவளைச் சேர்க்க விசாரிக்க வந்திருந்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை. நான் அன்றைக்கு வெளியே வந்திருந்தால்தானே தெரியும்.

படித்து முடித்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தேன். ஆறு வருடமாக நான் கேட்டது. கைக்கு வந்ததும் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன், பாடம் நடத்தினேன், டிபன் டப்பாவைத் திறந்தேன். சாப்பிட முடியவில்லை. அன்றைக்கு மட்டும் அல்ல, அதற்குப் பிறகும்.

ஏன் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது. கொளஞ்சியம்மாள் சொன்னது venait என்று உனக்கு அவ்வளவு உறுதியாக எழுதினேனே, அந்த உறுதி எனக்கு எங்கிருந்து வந்தது? கடலூரில் ஒரு வீட்டில் இரண்டு பேர், "இல்லை, வருவார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மீன் வாங்கினார்கள், சட்டைக்கு இஸ்திரி போட்டார்கள், போனைக் காத்தார்கள். நீங்கள் காத்திருந்ததால் நான் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நான் சொல்வது சரி என்றால் அவர் இல்லை. நீங்கள் சொல்வது சரி என்றால் வந்துவிடுவார். அந்தச் சண்டையில் நான் தோற்க வேண்டும் என்று எனக்குள் ஒருத்தி இத்தனை வருடமும் வேண்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கே தெரியாமல்.

இப்போது மூன்று பேரும் ஒரே பக்கம் வந்துவிட்டோம். எதிர்ப் பக்கத்தில் இனி யாரும் இல்லை.

நேற்று ஆசிரியர் அறையில் முன்பு கேட்ட அதே மேடம்தான், ஏதோ பேச்சில், "உங்க சாருக்கு எந்த ஊரு?" என்றார். "கடலூர்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "வர்ற மாசம் அவருக்குப் பூசை" என்று சேர்த்துச் சொன்னேன். என் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டதும் மேசையைப் பிடித்துக்கொண்டேன். மேடம் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். அம்மா வந்து, "என்னடி, இப்பதான் செத்த மாதிரி அழுவுற?" என்று கேட்டார்கள். 

பூசை நடக்கட்டும் ஜோதி. தள்ளிவைக்க வேண்டாம். அத்தை ஒரு தடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள், இன்னொரு தடவை அவர்களைப் போகவைக்காதே. முன்னால் நீ நில். சாமியார் அவர் பெயரைச் சொல்லும்போது நான் அங்கே இருக்க முடியாது. இருந்தால், "இல்லை, வருவார்" என்று கத்திவிடுவேன். கேட்டவளே வரவில்லை என்றால் அத்தைக்குத் தாங்காது. எனக்குக் காய்ச்சல் என்று சொல்.

ஜான்சி